பதினெட்டு இலக்க வீடு

எண் பலகை எழுதுபவர் தம் வீட்டு வாசற்கதவில் 576460752303423487 என்று எழுதி முடித்த நாள் முதல், அவ்வீட்டினுள் எந்தப் பொருளும் இரண்டாகவில்லை. இதனை முதலில் கண்டறிந்தவள் அவருடைய மருமகள். அன்று மாலை அவள் ரொட்டியை நறுக்கினாள். கத்தி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தது. ரொட்டி முழுதாகவே இருந்தது. ஆரஞ்சுப் பழத்தின் தோல் உரிந்தது, சுளைகள் பிரியவில்லை. மறுநாள் காலை அவளால் தலையில் வகிடு எடுக்க இயலவில்லை. சீப்பு சென்ற வழியிலேயே மயிர் மீண்டும் மூடிக்கொண்டது. செய்தித்தாளைத் தாள் தாளாக எடுத்துப் படிக்கும் வழக்கமும் அன்றோடு நின்றது. காய்கறிகளைத் தெருவில் வைத்து அரிந்து எடுத்து வந்தாள். வாசற்படியைத் தாண்டியதும் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முழுக் கத்தரிக்காய்களாயின. வார இறுதிக்குள் அக்குடும்பத்தார் முழுக் காய்களைச் சமைக்கப் பழகிவிட்டனர். மருமகள் முடியை நேராகப் பின்னுக்கு வாரிக் கட்டிக்கொண்டாள். அத்தெருப் பெண்கள் அதைப் புதுப் பாணி என்று கருதித் தாமும் அவ்வாறே வாரத் தொடங்கினர்.

அவ்வெண் எழுதப்பட்ட காரணம் பின்வருமாறு. எண் பலகை எழுதுபவர் நகராட்சியில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றியவர். ஊரின் அத்தனை கதவுகளும் அவர் கைபட்டவை. பணியின் முற்பாதியில் அவர் எழுதியவை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என முழு எண்கள். பிற்பாதியில் சாய்கோடுகள் நுழைந்தன. ஒரு தகப்பன் கண்ணை மூடினால் பன்னிரண்டு என்பது 12/1, 12/2 என்றாகும். அந்தப் பிள்ளைகளும் சண்டையிட்டால் 12/1/1 என்றாகும். ஒரே கதவில் நான்கு சாய்கோடுகள் எழுத நேர்ந்த அன்று அவர் தூரிகையை மேலாளரின் மேசைமேல் வைத்தார். "எனக்குச் சம்பளம் நம்பர் எழுதத்தான் சார். வெட்டுக்காயம் வரையறதுக்கு இல்ல" என்றார். மேலாளர் அவரைத் தேநீர் அருந்த அனுப்பினார். தூரிகை மறுநாள் மீண்டும் அவர் கைக்கே வந்தது.

அவருக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவள் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். இளையவன் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன். மூத்தவளின் கணவன் வெளிநாட்டு வேலைக்குச் சென்று, முதலில் கடிதம் எழுத மறந்து, பின்னர் மறந்தோம் என்பதையும் மறந்துவிட்டபடியால், அவள் ஒரு தகரப் பெட்டியுடன் தகப்பன் வீட்டிற்குத் திரும்பியிருந்தாள். அவளுடைய நான்கு வயது மகளை மாமியார் அனுப்பவில்லை. மாமியார் விதித்த நிபந்தனை ஒன்றே: "கதவு சாத்துற மாதிரி உனக்குன்னு ஒரு ரூம் காட்டு. அன்னைக்கே புள்ளைய அனுப்பறேன். வாடகைக் கதவைக் காட்டி ஏமாத்தாத. சொந்தக் கதவு." ஆகவே அவள் தகப்பனிடம் ஓர் அறையைத் தன் பங்காகக் கேட்டாள். தம்பி, பிரிப்பதென்றால் முழுவதையும் பிரித்துவிடலாம் என்றான். தகப்பன் காதில் விழுந்தது பிரி என்னும் சொல் மட்டுமே. மறுநாள் அவர் அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியாரைத் தேடிச் சென்று, எவராலும் வகுக்க முடியாத பெரிய எண் ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். வாத்தியார் இதனை விளக்கி, "ரெண்டுலேர்ந்து ஆரம்பிங்க. ரெட்டிப்பு, ரெட்டிப்புன்னு அறுபத்தோரு வரி எழுதுங்க. கடைசி வரியில ஒண்ணைக் கழிச்சுடுங்க. எந்தக் கொம்பனாலயும் பிரிக்க முடியாது" என்றார். வாத்தியார் கூறியது முற்றிலும் சரி. தவறு வேறிடத்தில் நேர்ந்தது. எண் பலகை எழுதுபவர் கொல்லைச் சுவரில் சுண்ணக்கட்டியால் வரிசை எண் இட்டு, வரிக்கு ஒரு முறை இரட்டித்துக்கொண்டே சென்றார். நகராட்சி விதிப்படி, தெருவில் இருபத்தைந்து வீடுகளுக்கு எண் இட்ட பின் அடுத்த எண்ணைப் பிற்காலத்தில் எழும்பக்கூடிய வீட்டிற்காக விட்டுவைக்க வேண்டும். முப்பத்தோர் ஆண்டுப் பழக்கம் கையை விடவில்லை. சுவரில் இருபத்தைந்தாம் வரிக்குப் பின் இருபத்தேழாம் வரி வந்தது. ஐம்பத்தொன்றுக்குப் பின் ஐம்பத்து மூன்று வந்தது. அறுபத்தொன்று என்று அவர் இலக்கமிட்ட வரி, எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்பதாம் வரி. அதில் ஒன்றைக் கழித்து, எண்ணெய் வண்ணத்தில், இடையில் சாய்கோடு ஏதுமின்றிக் கதவில் எழுதினார். அவர் எழுதிய எண்களுக்குத் தபால்காரர்களும் கட்டுப்பட்டனர். தெரு நாய்களும் கட்டுப்பட்டன. வீடுகள் கட்டுப்பட்டதில் வியப்பில்லை. மூன்று மாதங்கள் கழித்து, தம் வீடு தப்பித்தது என்ற நிறைவுடன் அவர் காலமானார். சடங்குகள் முடிந்த வாரத்தில் மகன் கொல்லைச் சுவரின் வரிகளை இருமுறை எண்ணினான். பின்னர்ச் சுவர் முழுவதற்கும் வெள்ளையடித்தான். காரணத்தை எவரிடமும் கூறவில்லை.

பிரிக்க இயலாத வீடு அனைவருக்கும் பொதுவானது என்று தகப்பன் நம்பியிருந்தார். பிரிக்க இயலாதது முதலில் எடுப்பவனுக்கே உரியது என்பதை நடைமுறை காட்டியது. ரொட்டியை முதலில் எடுத்தவர் முழு ரொட்டியையும் எடுத்தார். போர்வையை முதலில் இழுத்தவர் முழுப் போர்வையையும் இழுத்தார். அவ்வாறு எடுத்தவர்கள் எப்போதும் தம்பியும் அவன் மனைவியுமே. அக்கா தேநீர்க் கடையில் உண்டு, வாசலுக்கும் கூடத்திற்கும் இடைப்பட்ட நடையில் படுத்தாள். வாசற்கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. உள்ளே அறையை அறையிலிருந்து பிரிக்கும் கதவுகளோ நிலையைத் தொட மறுத்து, நான்கு விரற்கடை இடைவெளியில் நின்றன. கொத்தனார் ஒருவர் அவளுக்காகக் கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பினார். மறுநாள் காலை செங்கற்கள் அனைத்தும் தெருவில், லாரியிலிருந்து இறக்கிய வரிசையிலேயே அடுக்கப்பட்டிருந்தன. கொத்தனார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சுவத்துல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. வீட்டுக்குத்தான் இஷ்டம் இல்ல" என்றார்.

அடுத்து வந்தவர் நில அளவையாளர். அவருடைய சங்கிலி அவ்வீட்டினுள் பாதியைக் காட்டவில்லை. எங்கு வைத்தாலும் முழு நீளத்தையே காட்டியது. அவர் கதவின் எண்ணை நெடுநேரம் நோக்கிவிட்டு, ஏட்டில் அதனைப் படியெடுத்துக்கொண்டார். பின்பு கூறினார்: "கவர்மெண்ட் ரெக்கார்டுல வீடுன்னா நம்பர்தாம்மா. இந்த நம்பர் ஏதாச்சும் ஒண்ணால மீதியில்லாம வகுபட்டுச்சுன்னா, வீடும் வகுபடும். இல்லைன்னா நானே வந்து படுத்தாலும் நடக்காது." அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தம்பியிடம் கேட்டாள். அவன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது பகா எண்க்கா. அப்பா வாத்தியார்கிட்ட கேட்டு எழுதுனது. வேலையைப் பாரு" என்றான்.

அவள் வேலையைப் பார்த்தாள். பொது நூலகத்தில் இரண்டு இலட்சம் வரையிலான பகா எண்களை வரிசைப்படுத்திய நூல் ஒன்று இருந்தது. அதனை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் படியெடுத்துக்கொண்டாள். வீட்டினுள் வகுத்தல் கணக்கும் நடைபெறவில்லை என்பதை முதல் வாரத்திலேயே அறிந்தாள். வகுத்தியை எழுதியதும் பென்சில் நகர மறுத்தது. ஆதலால் சலவைப் பிரிவில், மதிய இடைவேளையில் ஒன்று, பணி முடிந்தபின் உலர்த்தும் முற்றத்தில் ஒன்று என நாளொன்றுக்கு இரண்டு எண்களால் வகுத்தாள். விரிப்புகளின் எண்ணிக்கைச் சீட்டுகளின் பின்புறம் அவளுடைய தாளாயிற்று. எண் ஒற்றைப்படை என்று கண்ணால் கண்டும் இரண்டிலிருந்தே தொடங்கினாள். எதையும் கேள்விப்பட்டதாக விட்டுவிட அவளுக்கு மனமில்லை. இரண்டுக்கு மீதி ஒன்று. மூன்றுக்கு மீதி ஒன்று. ஐந்துக்கு இரண்டு. ஏழுக்கு மூன்று. சீட்டுகள் அட்டைப்பெட்டியில் சேர்ந்தன. விரிப்பைப் பாதியாகவும், பாதியைக் காலாகவும் மடிக்கும்போது மட்டும் அவள் முகம் சற்றுத் தெளியும் என்று உடன் வேலை செய்தவர்கள் பிற்காலத்தில் கூறினர். உலர்த்தும் பகுதிப் பெண் ஒருத்தி கேலி செய்வாள்: "அந்த மீதியெல்லாம் சேத்து வெச்சு என்னக்கா பண்ணப் போற? கஞ்சி போட்டு மடிச்சு அலமாரியில வைக்கப் போறியா?"

வீட்டில் கேலி வேறு விதமானது. அவள் படியேறும் ஒவ்வொரு மாலையும் தம்பி மனைவி கூடத்திலிருந்தே கேட்பாள்: "என்ன அண்ணி, இன்னைக்கு மீதி எவ்வளவு?" அவள் அன்றைய இரு மீதிகளையும் இலக்கம் தவறாமல் கூறிவிட்டு நடையில் பாயை விரிப்பாள். வகுத்திகள் மூன்று இலக்கமாக இருந்தபோது மீதியும் மூன்று இலக்கத்திற்குள் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வகுத்திகள் ஐந்திலக்கமாயின, மீதிகளும் நீண்டன. இறுதியில் தம்பி மனைவி கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் அடுக்களைக்குச் செல்லப் பழகினாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் மகளைப் பார்த்துவருவாள். ஏழு வயதில் மகள் கேட்டாள்: "எப்பம்மா கூட்டிட்டுப் போவே?" அவள், "மீதி வராத அன்னைக்கு" என்றாள். மகள் அதனை ஒரு கிழமையின் பெயர் என்று கருதி, பள்ளியில் ஆசிரியையிடம் விசாரித்தாள். பத்து வயதில் மகளே ஒரு சீட்டை வாங்கி வகுத்துப் பார்த்து, தவறாகப் பூச்சியம் வரவழைத்து, பையில் துணிகளை எடுத்து வைத்துவிட்டாள். அன்று தாய் அக்கணக்கைத் திருத்திக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் எவரிடமும் பேசியதில்லை. பதின்மூன்று வயதிலிருந்து மகள் கேட்பதை நிறுத்தினாள். பத்தொன்பதில் வேறு நகரத்தில் வேலை கிடைத்துச் சென்றாள். மாமியார் இறந்தார். நிபந்தனை விதித்தவர் இல்லாமற்போன பின்னும் நிபந்தனை இருந்தது. அவள் நாளுக்கு இரண்டு என்பதை மூன்றாக்கவுமில்லை, ஒன்றாக்கவுமில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கடந்து, வகுத்திகளின் எண்ணிக்கை பதினாறாயிரத்தைத் தாண்டி, நூலகப் புத்தகம் முடியச் சில பக்கங்களே எஞ்சியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், 179951 என்னும் எண்ணால் வகுத்தபோது மீதி வரவில்லை. ஈவு 3203431780337. அவள் கணக்கை மூன்று முறை மீண்டும் செய்தாள். நான்காம் முறை பெருக்கிப் பார்த்தாள். பின் விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, விரிப்புகளில் வார்டு எண் குறிக்கும் அழியாத மையையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு வீட்டிற்கு நடந்தாள்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றாள் வாசலில் நின்று.

"என்ன அண்ணி, இன்னைக்கு மீதி எவ்வளவு?"

"சைபர்."

அவ்வீட்டில் பாதிச் சிரிப்பு என்பது இயலாததாகையால், தம்பி மனைவி தொடங்கிய சிரிப்பை முழுவதும் சிரித்து முடித்த பின்னரே வெளியே வந்தாள். தம்பி செருப்பின்றி வந்தான். அவன் அக்காவின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். ஈவைப் பார்க்கவில்லை, வகுத்தியை மட்டும் பார்த்தான். தெரிந்தவரைத் தெருவில் கண்டது போலத் தலையை அசைத்தான். அவள் தகப்பனின் பதினெட்டு இலக்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு இழுத்து, 179951 என்று எழுதினாள். மை காய்வதற்குள் வீடு பிரிந்தது.

ஓசை ஏதும் எழவில்லை. அவ்வீடு வகுபடாது என்று ஒருநாளும் கூறியதில்லை. இரண்டால் வகுபடாது, மூன்றால் வகுபடாது என்றுதான் கூறிவந்தது. இப்போது தனக்குரிய வகுத்தி கிடைத்ததும், ஓர் இலட்சத்து எழுபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொரு சம துண்டுகளாக, ஒவ்வொன்றும் குளியல் சோப்பின் அளவில், இருந்த இடத்திலேயே விலகி நின்றது. துண்டுகளுக்கு இடையே நூலளவு வெளிச்சம் தெரிந்தது. சுவரும் கூரையும் அலமாரியும் கட்டிலும் அதே முறையில் பிரிந்தன. எதுவும் விழவில்லை. எட்டி எடுத்தால் கையோடு வந்தது.

"ரெண்டா வேணும்னுதானே கேட்டே?" என்றான் தம்பி, அந்த வெளிச்சக் கோடுகளைப் பார்த்தபடி. "இதுக்கா இருவத்திரண்டு வருஷம்?" அவனால் அத்துடன் நிறுத்த முடியவில்லை. கற்பிப்பவனின் பழக்கம் அது. "அப்பா எழுதுனது அறுவத்தோரு வரி இல்லக்கா, அம்பத்தொம்பதுதான். அந்த மாதிரி நம்பருக்கு எந்தக் காரணி இருந்தாலும், அதை நூத்திப் பதினெட்டால வகுத்தா மீதி ஒண்ணுதான் வரும். அது ஒரு விதி. அதுக்குப் பொருந்துற பகா எண்ணை மட்டும் பாத்திருந்தா, இதுவரைக்கும் ஏறக்குறைய முந்நூறுதான். உன் வேகத்துலயே அஞ்சு மாசம்."

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"சுவத்துக்கு வெள்ளையடிச்ச அன்னைக்கு."

அஞ்சு மாசம் என்னும் சொல்லை அவள் வாய்க்குள் ஒருமுறை கூறிப் பார்த்தாள். "அப்போ பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆகியிருக்காது" என்றாள். தம்பி மனைவி கணவனை முதன்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். அவளுக்கும் அவன் சொன்னதில்லை என்பது அப்போது தெரியவந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் மூடிய நேர்க்கூந்தலில் அவள் கை தானாகச் சென்று, நடுவில் ஒரு வகிடு எடுத்தது. அது நின்றது.

"நீ கேக்கவே இல்லையேக்கா" என்றான் தம்பி. "காரணி இருக்கான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பகா எண்ணான்னுதான் கேட்டே."

"நீ பகா எண்ணுன்னுதானே சொன்ன."

"அப்பா மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன்."

"அப்பா செத்து அப்போ ஒரு மாசம்டா" என்றாள் அவள். அவர்களிடையே நடந்த கடைசி உரையாடல் இதுவே.

நில அளவையாளர் ஓய்வு பெற்றிருந்தபடியால் அவருக்குப் பின் வந்தவர் வந்தார். துண்டுகளுக்கு வரிசை எண் இட்டு, அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுக்கப் பதினொரு நாட்களாயின. ஆளுக்கு எண்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து கிடைத்தன. ஒன்று எஞ்சியது. அது கூடத்துச் சுவரின் துண்டு. தெருவிலிருந்து நான்கு எட்டில், மார்பளவு உயரத்தில் நின்றது. இருவரும் அதனைத் தொடவில்லை. அளவையாளர் ஏட்டில் "மீதி 1" என்று எழுதி, முத்திரையிட்டுச் சென்றார். தம்பி தன் பங்கை மனையின் பின்பாதியில் வீடாக அடுக்கிக்கொண்டான். அவள் முன்பாதியில் ஓர் அறை கட்டினாள். கொத்தனார் சாந்து குழைக்க வேண்டியிருக்கவில்லை. துண்டுகள் வைத்த இடத்தில் நின்றன. சுவரில் வெள்ளைப் பூச்சுக்கு நடுவே ஆங்காங்கே அலமாரி மரமும், முகக்கண்ணாடியும், தம்பி மனைவியின் சேலைக் கரையும் தெரிந்தன. கதவு நிலையைத் தொட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அன்றே மகளுக்குக் கடிதம் எழுதினாள்.

மகள் ஏழு மாதங்கள் கழித்து வந்தாள். இருபத்தேழு வயது, கைக்கடிகாரம் கட்டியிருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்து, சுவரில் விரலை ஓட்டி, கதவைச் சாத்தித் திறந்தாள்.

"நல்லா சாத்துதும்மா."

"உனக்காகத்தான்டி. ராத்திரி இருந்துட்டுப் போயேன்."

"தெரியும்மா." மகள் கதவை மீண்டும் திறந்துவைத்தாள். "பாட்டி வீட்டுல ஏழு பேர் ஒரே கூடத்துல படுத்து வளந்தவம்மா நான். கதவை சாத்துனா எனக்குத் தூக்கம் வராது. ஹாஸ்டல்லகூட திறந்து வெச்சுத்தான் படுக்கிறேன். எல்லாரும் திட்டுறாங்க."

இருவரும் தேநீர் அருந்தினர். தாய் ரொட்டியை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை நீட்டினாள். மகள் பசியில்லை என்றாள். ஒன்றே கால் மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தனர். மகளின் செருப்பு வார் தளர்ந்திருந்தது. குனிவதற்கு முன் அவள் கைப்பையை வெறும் வெளியில் நின்றிருந்த சுவர்த் துண்டில் மாட்டினாள். தபால்காரர் குடையை மாட்டுவதும், பால் ஊற்றுபவர் பாத்திரத்தை மாட்டுவதும் அதில்தான். துண்டு அசையவில்லை. வாரை இழுத்துக் கட்டி நிமிர்ந்தபோது தெருமுனையில் பேருந்தின் ஓசை கேட்டது. மகள் பையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா" என்று கூறி, விரைந்து நடந்தாள்.